நிறம் மாறாத பேஸ்ட்

ஜூன் 11

ஊமைக் கோட்டானுக்கு,

அண்ணன் எழுதறேன். போன்ல பேசலாமேன்னு கேப்ப. பேசினா நீ அழுவ, நான் கத்துவேன், நடுவுல அம்மா போனைப் பிடுங்கிப்பாங்க. சொல்ல வந்தது தொண்டையிலயே நின்னுடும். அதான் பேப்பர். பில் தாளோட பின்பக்கத்துல எழுதறேன். எழுத்து கோணலா இருந்தா திட்டாத.

பெட்ரோல் பங்க்ல பெரிய தப்பு நடந்துபோச்சு. திங்கக்கிழமை சாயங்காலம் ஆரம்பிச்ச மழை விடியற வரைக்கும் விடல. காலையில வழக்கம்போல அளவுக் கம்பி நுனியில பேஸ்ட் தடவி நிலத்தடி டேங்க்ல இறக்கினேன். தண்ணி பட்டா அந்தப் பேஸ்ட் சிவப்பாயிடும்னு உனக்கே தெரியும், சின்ன வயசுல அதை நகத்துல பூசிக்கிட்டு அடி வாங்கினவதானே நீ. எடுத்துப் பார்த்தேன். தடவின நிறத்துலயே இருந்துச்சு. சரி, டேங்க் சுத்தம்னு பம்பைத் திறந்துட்டேன்.

கொஞ்ச நேரத்துல ஒவ்வொரு வண்டியா திக்க ஆரம்பிச்சுது. பைக்கைத் தள்ளிக்கிட்டே திரும்பி வராங்க. ஒருத்தர் என் காலரைப் பிடிச்சு, "பெட்ரோல் கேட்டா குழாய்த் தண்ணி ஊத்தறியே, நான் என்ன கை கழுவவா வந்தேன்?"னு கேக்கறார். நான் கம்பியைக் காட்டறேன், நிறம் மாறல பாருங்கன்னு. யாரு பார்க்கறாங்க?

இதெல்லாம் போகட்டும். ஆஸ்பத்திரித் துணியெல்லாம் சலவைக்கு எடுத்துட்டுப் போற வேன் ஒண்ணு வருமே, ஒரு அக்கா ஓட்டுவாங்களே, அவங்களும் நம்மகிட்டதான் போட்டுட்டுப் போனாங்க. மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் நின்னுபோச்சு. வேன் பின்னால உருண்டு லாரியில இடிச்சிருக்கு. தோள் எலும்பும் வலது கையும் முறிஞ்சுபோச்சு. உயிருக்கு ஒண்ணும் இல்ல.

டேங்க் மூடியோட ரப்பர் வளையம் ஓரத்துல கிழிஞ்சிருந்துது. அடுத்த மாசம் மாத்திக்கலாம்னு விட்டிருந்தேன். தண்ணி அது வழியாத்தான் இறங்கியிருக்கும். ஆனா இறங்கியிருந்தா பேஸ்ட் ஏன் சொல்லல? இத்தனை வருஷத்துல அது ஒருநாளும் பொய் சொன்னதில்ல.

எத்தனால் சேர்த்த கலவைப் பெட்ரோல் அனுப்பற கம்பெனியோட லேப்லதானே நீ இருக்க. ஒரே கேள்வி. பேஸ்ட் நிறம் மாறலன்னா தண்ணி இல்லன்னுதானே அர்த்தம்? உங்க கம்பெனி விசாரணை வைக்குதாம். முதலாளி என் முகத்தைப் பார்க்கறதில்ல. நீ ஒரு வார்த்தை சொன்னா எனக்குத் தெம்பா இருக்கும்.

அண்ணன்


ஜூன் 16

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே உன் பங்க்கின் சாம்பிள் பாட்டில் என் மேஜைக்கு வந்துவிட்டது. லேபிளில் உன் கையெழுத்து. தேதி போடும்போது இன்னமும் ஏழுக்குக் குறுக்கே கோடு போடுகிறாய். அந்தப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்க எனக்கு நேரம் பிடித்தது. உள்ளே இரண்டு அடுக்கு. மேலே பெட்ரோல். கீழே எத்தனாலும் தண்ணீரும் கலந்த அடுக்கு.

ஏன் இப்படி ஆகிறது என்று சொல்கிறேன். பெட்ரோலும் தண்ணீரும் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீடு. எத்தனால் இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரி. கொஞ்சம் தண்ணீர் வந்தால் அதை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொண்டு சமாளித்துவிடும். அளவு மீறினால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீர் பக்கம் போய்விடும். இரண்டும் சேர்ந்து அடியில் தங்கும். எத்தனால் கலக்காத பழைய பெட்ரோலாக இருந்தால் அதே மழைக்கு ஒரு விரல் தண்ணீர் அடியில் கிடந்திருக்கும், அவ்வளவுதான். இப்போது எத்தனாலும் சேர்ந்து இறங்கியதால் அடுக்கு தடித்து, பம்ப் உறிஞ்சும் குழாய் வரை வந்துவிட்டது. வண்டிகளுக்குப் போனது அதுதான்.

இதற்காக எத்தனால் மேல் கோபப்படாதே. அது நன்றாக எரிகிறது, புகை குறைவு, நிலத்தில் விளைவதிலிருந்து வருகிறது. வெளியிலிருந்து கப்பலில் வரும் எண்ணெயை மட்டும் நம்பி எத்தனை காலம் ஓட்ட முடியும்?

பேஸ்ட்டைப் பற்றி இப்போது நான் எதுவும் எழுத முடியாது. விசாரணை முடியும்வரை லேப் ஆட்கள் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். நீ வேண்டுமென்று எதையும் செய்பவன் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். வீணாக மனத்தைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

வேன் ஓட்டும் அக்காவுக்கு எப்படி இருக்கிறது?

உன் தங்கை


ஜூன் 22

ஊமைக் கோட்டானுக்கு,

வழி கேட்டா வானிலை சொல்ற. பாடம் நல்லா இருந்துச்சு, சொந்தக்காரி கதையை பங்க் பசங்களுக்குக் கூடப் படிச்சுக் காட்டினேன். ஆனா நான் கேட்டதுக்குப் பதில் அதுல எங்க?

அந்த அக்காவைப் போய்ப் பார்த்தேன். கையில ஆரஞ்சுப் பழப் பையோட வார்டு வாசல்லயே நின்னேன். அவங்க தூரத்துலயே பார்த்துட்டாங்க.

"வாங்க பெட்ரோல்காரரே. பழமா? உரிக்க உங்க கையைக் குடுத்துட்டுப் போறீங்களா?"

நான் உரிச்சுக் குடுத்தேன். சாப்பிட்டுக்கிட்டே திட்டினாங்க. "இருபது வருஷமா உன்கிட்டதான் போடறேன். கம்பி விட்டுப் பார்த்தியா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

"பார்த்தேங்கா."

"பார்த்தா தெரிஞ்சிருக்குமே?"

பக்கத்துக் கட்டில், எதிர்க் கட்டில் எல்லாரும் என் வாயையே பார்க்கறாங்க. "சரியா பார்க்கலையோ என்னவோ"ன்னு சொல்லிட்டேன். அவ்வளவுதான். "அப்போ தூங்கிக்கிட்டே வேலை பார்த்திருக்க. என் கை போச்சு"ன்னு சத்தம் போட்டாங்க. நர்ஸ் வந்து என்னை வெளிய அனுப்பினாங்க.

வெளிய வந்ததும் தோணிச்சு, நான் ஏன் அப்படிச் சொன்னேன்? ஆனா இப்ப யோசிக்க யோசிக்க எனக்கே சந்தேகமா இருக்கு. பேஸ்ட்டைச் சரியா தடவினேனா? கம்பி அடிவரைக்கும் இறங்குச்சா? அன்னிக்கு மழையில அவசரமா இருந்தேன். நேத்துகூட கம்பியைக் கையில எடுத்தேன், இறக்கவே பயமா இருந்துச்சு. தூக்கம் வந்தா அந்த வேன் பின்னால உருள்ற மாதிரி இருக்கு, நான் தள்ளிப் பிடிக்கறேன், நிக்கல.

விசாரணை மாசக் கடைசியில. சரியா பார்க்கலன்னு எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன். முதலாளியும் அதைத்தான் சொல்றார். "ஒத்துக்கிட்டா எச்சரிக்கையோட விட்டுடுவாங்க, இல்லன்னா உன்னையும் அனுப்பணும், பங்க்கையும் மூடணும்"ங்கறார். வேலைகூடப் பெருசு இல்ல. ஒருத்தர் கையை உடைச்சவன்னு ஆயிட்டேனே, அதுதான்.

நீ சரியா சாப்பிடறியா?

அண்ணன்


ஜூன் 25

அன்புள்ள அண்ணா,

எதையும் எழுதிக் கொடுக்காதே. நீ பேஸ்ட்டைச் சரியாகத்தான் தடவினாய். கம்பி அடிவரை இறங்கியது.

உன் கேள்விக்குப் பதில்: இல்லை. நிறம் மாறவில்லை என்றால் தண்ணீர் இல்லை என்று அர்த்தம் இல்லை. கலவைப் பெட்ரோலில் அப்படி இல்லை. எத்தனாலோடு சேர்ந்து இறங்கிய தண்ணீரைப் பழைய பேஸ்ட் காட்டாது. அதற்கென்று வேறு பேஸ்ட் இருக்கிறது. நேற்று உன் சாம்பிளின் அடி அடுக்கில் பழைய பேஸ்ட் தடவிய குச்சியை வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். அது மாறவே இல்லை. எனக்கு அது ஆச்சரியமும் இல்லை. ஏனென்றால் குளிர்காலத்திலேயே இதே சோதனையைச் செய்து முடிவு எழுதியவள் நான்தான்.

எனக்கு முன்பே தெரியும் அண்ணா.

பங்க்குகளுக்கெல்லாம் ஒட்ட ஒரு நோட்டீஸ் அனுப்பினோமே, "பழைய பெட்ரோல் போலவே, எதையும் மாற்றத் தேவையில்லை" என்று, அதை எழுதியதும் நான்தான். எளிமையாக எழுதுவாள் என்று என்னிடம் கொடுத்தார்கள். முதலில் நான் எழுதியதில் பேஸ்ட்டை மாற்ற வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. மேலாளர் கூட்டத்தில் அந்த வரியை அடித்தார். "மாத்தணும்னு ஒண்ணு சொன்னா, இன்னும் எதையெல்லாம் மாத்தணும்னு ஜனங்க கேப்பாங்க. புது பேஸ்ட் வரட்டும், அப்புறம் தனியா சொல்லிக்கலாம்" என்றார். மேஜையைச் சுற்றி எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பேச வேண்டியிருந்தது. வார்த்தைகளை உள்ளே அடுக்கிக்கொண்டே இருந்தேன். அடுக்கி முடிப்பதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். என் தலையும் ஆடியிருந்தது.

இதோடு நின்றிருந்தால் மேலாளரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். நோட்டீஸ் வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய், ஞாபகம் இருக்கிறதா?

"என்ன, உன் சாராயப் பெட்ரோல் எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்தாய். மைலேஜ் குறைகிறது என்றாய். சோளத்தையெல்லாம் வண்டிக்கு ஊற்றிவிட்டு நாம் தவிட்டைத் தின்பதா என்றாய். நான் வீணாய்ப் போன தானியத்தைச் சொன்னேன், சர்க்கரை ஆலைக் கழிவைச் சொன்னேன். அப்புறம் நீ சிரித்துக்கொண்டே, "நோட்டீஸ்ல ஒண்ணும் மாத்த வேணாம்னு போட்டிருக்கே, நிஜமாவா?" என்று கேட்டாய்.

"ஆமா" என்றேன்.

நம் வீட்டில் எந்தப் பேச்சிலும் நான் உன்னை ஜெயித்தது கிடையாது. எனக்கு வாய் கிடையாது. இந்த ஒரு விஷயம்தான் உன்னைவிட எனக்கு அதிகம் தெரிந்தது. பேஸ்ட்டை மாற்று என்று சொன்னால் "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல" என்று நீ சிரிப்பாய். அந்தச் சிரிப்பு வேண்டாம் என்று இருந்தது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் எதையாவது கண்டுபிடித்து எழுத முடியுமா என்று யோசித்துப் பார்த்துவிட்டேன். இல்லை.

போன கடிதத்திலும் சொல்லியிருக்கலாம். வாய் திறக்கக் கூடாது என்று சொன்னது உண்மைதான். ஆனால் அது எனக்கு வசதியாகவும் இருந்தது. நீ ஆஸ்பத்திரியில் போய்ப் பழியை ஏற்றுக்கொண்டாய் என்று படித்த அன்று லேப்பில் கண்ணாடிக் குடுவை ஒன்றை உடைத்துவிட்டேன்.

என் சோதனை முடிவையும் அடிக்கப்பட்ட வரியையும் நடந்தது முழுவதையும் விசாரணைக் குழுவுக்கு எழுதி இன்று கொடுத்துவிட்டேன். என்ன ஆகும் என்று தெரியவில்லை.

உன் தங்கை


ஜூன் 29

தங்கச்சிக்கு,

படிச்சேன். முதல் தடவை படிச்சப்ப நிம்மதியா இருந்துச்சு. அதை நான் மறைக்கல. நான் சரியாத்தான் பார்த்திருக்கேன்னு எழுந்து போய் அந்தக் கம்பியைத் தொட்டுட்டு வந்தேன். ரெண்டாவது தடவை படிச்சப்பதான் கோவம் வந்துச்சு. இன்னும் போகல.

அன்னிக்கு நான் சும்மா கிண்டலுக்குக் கேக்கல. நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். கிண்டலா கேட்டது என் வாய்க்கொழுப்பு, சரி. ஆனா கேட்டேன்ல? உன்னைத் தவிர நான் யாரைக் கேப்பேன்?

அப்புறம் முதல் கடிதத்துலயும் கேட்டேன். நீ பாட்டில், அடுக்கு, சொந்தக்காரின்னு எழுதின. அந்த நாளெல்லாம் நான் என் கையை நானே சந்தேகப்பட்டுக்கிட்டுக் கிடந்தேன்.

ரப்பர் வளையம் என் தப்பு. அதை நீ சேர்த்துக்காத, உனக்குத் தனியா போதுமானது இருக்கு.

குழுவுக்கு எழுதிட்டேன்னு சொல்ற. நல்லது. எழுதறது உனக்குச் சுலபம்தான். எழுதித்தானே எல்லாம் வந்துச்சு, அந்த நோட்டீஸும் சேர்த்து. இப்ப அந்த அக்கா டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்துட்டாங்க. சலவைக்கூடத்துக்குப் பின்னாடி இருக்கு வீடு. நேர்ல போய் வாயால சொல்லு. நான் கூட வரமாட்டேன்.

விசாரணையை ரெண்டு வாரம் தள்ளி வெச்சிருக்காங்க. உன் கடிதத்தாலதான்னு முதலாளி சொன்னார்.

அண்ணன்


ஜூலை 8

அண்ணா,

ஞாயிற்றுக்கிழமை வந்தேன். நீ இரண்டு ஷிப்டும் சேர்த்து எடுத்துக்கொண்டதாக அம்மா சொன்னார்கள். நான் வருகிறேன் என்று தெரிந்துதான் எடுத்துக்கொண்டாய் என்று அம்மா சொல்லவில்லை, எனக்குப் புரிந்தது. பஸ்ஸில் போகும்போது பங்க்கைத் தாண்டித்தான் போனேன். நீ யாருக்கோ காற்று பிடித்துக்கொண்டிருந்தாய், முதுகுதான் தெரிந்தது.

சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் வரிசையாகத் தொங்கின. அதற்குள் நுழைந்து, விலக்கி விலக்கி நடந்து, அந்தப் பக்கம் வெளியே வந்தபோது அவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டுப் போட்ட கை மடியில் இருந்தது. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். பார்த்ததும் எல்லாம் போய்விட்டது.

"யாரும்மா? துணி போடணுமா?"

"பெட்ரோல் பங்க் அண்ணனோட தங்கச்சி" என்றேன்.

"ஓ. இந்தத் தடவை தங்கச்சியை அனுப்பிட்டாரா? பழம் எங்க?"

பழம் வாங்கிக்கொண்டு போகவில்லை. அதைச் சொல்லிவிட்டு, அப்படியே மற்றதையும் சொல்லிவிட்டேன். கோர்வையாக இல்லை. பேஸ்ட்டிலிருந்து ஆரம்பித்து, கூட்டத்துக்குப் போய், போனுக்கு வந்து, மறுபடி பேஸ்ட்டுக்குப் போனேன். நடுவில் இரண்டு தடவை "சத்தமா சொல்லு, தண்ணி மோட்டார் ஓடுது" என்றார்கள். நான் செய்ததைச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

முடிந்ததும் அவர்கள் முதலில் கேட்டது தன் கையைப் பற்றி இல்லை. "அப்போ அந்த மனுஷன் நிஜமாவே கம்பி விட்டுப் பார்த்திருக்கார்?"

"பார்த்திருக்கார்."

"ஒரு வார்டே பார்க்கத் திட்டினேனே. பழத்தையும் தின்னுட்டுத் திட்டினேன்." இடது கையால் நெற்றியில் தட்டிக்கொண்டார்கள். "உன்னால நானும் ஒரு பாவத்தைச் சேர்த்துக்கிட்டேன் பாரு."

நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை.

பிறகு கேட்டார்கள். "சரி, படிச்சிருக்க. ஒண்ணு சொல்லு. வேன் ஒர்க் ஷாப்லேருந்து வரப்போகுது. அந்தப் பெட்ரோலை நான் போடலாமா, கூடாதா?"

நோட்டீஸ் எழுதியபோது இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் முகத்துக்கு நேராகக் கேட்கவில்லை. "போடலாம்" என்றேன். "கொஞ்சம் கம்மியாதான் ஓடும். ஒரு லிட்டர்ல இருக்கற சூடு பெட்ரோலைவிட எத்தனால்ல குறைவு. உங்க வேன் பழசு, ரப்பர் குழாயெல்லாம் அதைத் தாங்கற ரகமான்னு மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்க. வாரக்கணக்குல வண்டியை நிறுத்தி வெக்கறதா இருந்தா இதை உள்ள விட்டு வெக்காதீங்க. விக்கற இடத்துல டேங்க்ல தண்ணி இருக்கக் கூடாது, சரியான பேஸ்ட்டால தினமும் பார்க்கணும். இதெல்லாம் செஞ்சா நல்ல எரிபொருள்தான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதைச் சொன்னா நாங்க வாங்கமாட்டோம்னு பயந்தீங்களா? நான் வாங்கற சலவைத் தூள்ல, கம்பளியில போடாதே, கையில பட்டா கழுவுன்னு பை முழுக்க எழுதியிருக்கான். அதைப் படிச்சுட்டு யாரு தூள் வாங்காம இருக்கா?"

நான் கிளம்பும்போது மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. "விசாரணையில இதே மாதிரி சத்தமா பேசு" என்றார்கள். பேசுவேன். மேலாளர் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். பேசும்போது தரையைப் பார்ப்பேனோ என்னவோ, ஆனால் பேசுவேன்.

உன்னிடமும் இப்படி நேரில் சொல்லத்தான் வந்தேன். நீ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதற்கு நான் வருத்தப்படவில்லை.

உன் தங்கை


ஜூலை 24

ஊமைக் கோட்டானுக்கு,

விசாரணையில எதிர் வரிசையில உட்கார்ந்து நீ பேசினதைக் கேட்டேன். முடிஞ்சதும் உங்க ஆளுங்க உன்னைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, நானும் கூப்பிடல. தரையைத்தான் பார்த்த. ஆனா கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு.

முடிவு வந்தாச்சு. ரப்பர் வளையத்துக்கு எனக்கு எச்சரிக்கை. பேஸ்ட்டுக்குப் பழி கம்பெனிமேல. அந்த அக்காவோட வைத்தியச் செலவு கம்பெனியோடதுன்னு தீர்மானம். எல்லா பங்க்குக்கும் புது பேஸ்ட் அனுப்பிட்டாங்க, நோட்டீஸைக் கிழிக்கச் சொல்லிட்டாங்க. நான்தான் கிழிச்சேன். நல்ல தமிழ்தான், அதுதான் வயித்தெரிச்சல்.

நேத்து அந்த அக்கா வேன்ல வந்தாங்க. தூளி கட்டின கையோட பக்கத்து சீட்டுல உட்கார்ந்து, ஓட்டின தம்பியை வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்திருக்காங்க. "கம்பியைப் போடு, நான் பார்க்கணும்"னாங்க. பின்னால வரிசை நிக்குது, ஹார்ன் அடிக்கறாங்க. "அடிக்கட்டும், கை முறியறதைவிட காது வலிக்கறது மேல்"னுட்டாங்க. புது பேஸ்ட் தடவிப் போட்டுக் காட்டினேன். தண்ணி இல்ல. பாதி டேங்க் போட்டுக்கிட்டாங்க. போகும்போது, "அன்னிக்கு நான் திட்டினது..."ன்னு ஆரம்பிச்சு, அப்புறம் அந்தத் தம்பியைத் திட்டப் போயிட்டாங்க.

உன்னை லேப்லேருந்து ஸ்டோருக்கு மாத்திட்டாங்கன்னு அம்மா சொன்னாங்க. ரெண்டு நாளா அது உறுத்திக்கிட்டே இருக்கு. நேர்ல போய்ச் சொல்லுன்னு உன்னை அனுப்பிட்டு நான் காத்து பிடிச்சுக்கிட்டு நின்னேன். பஸ் ஜன்னல்ல உன்னைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் திரும்பிக்கிட்டேன்.

கோவம் இன்னும் இருக்கு. போன் பண்ணாத, குரலைக் கேட்டா திட்டிடுவேன்.

இந்த ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. வந்தா வீட்டுலதான் இருப்பேன்.

அண்ணன்